பிளக் கம்பத்தில் குடும்ப மானம்

குளிரை வென்ற மனிதர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர் அதில் இறங்கி நடப்பவர்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூக்கு சிவந்திருக்கும், அவ்வளவுதான். மற்ற வகையினர் கதகதப்பான அறையில் உட்கார்ந்து குளிரைப் பற்றித் தீர்மானம் நிறைவேற்றுபவர்கள். மனித நாகரிகத்தை இதுவரை முன்னே தள்ளிக்கொண்டு வந்திருப்பது இந்த இரண்டாம் வகைதான். கனடாவின் வின்னிபெக் நகரத்தில் மெடோலார்க் மேனர் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகக் குழுத் தலைவர், திருவாளர் ஓரெஸ்ட் பாலிச்சுக், அந்த வகையின் மணிமுடி.

அவர் முதுகு வளையாதவர். கையிலிருந்து கையுறை தவறித் தரையில் விழுந்தால் குனிய மாட்டார். யாராவது எடுத்துக்கொடுக்கும்வரை அதை முறைத்துக்கொண்டு நிற்பார். கையுறைக்கே வெட்கம் வந்து எழுந்துவிடும் போலிருக்கும்.

அவர் குடும்பத்துக்கு ஒரு பெருமை உண்டு. பாலிச்சுக் வீட்டு வண்டி எந்தக் குளிரிலும் ஸ்டார்ட் ஆகாமல் நின்றது கிடையாது. அப்பா மிஹாய்லோ காலத்தில், டாஃபின் பக்கத்துப் பண்ணையில், அக்கம்பக்கத்து வண்டிகளெல்லாம் பனியில் விறைத்துக் கிடந்தபோது அவர்களுடைய பழைய டிரக் மட்டும் ஞாயிறு காலை உறுமிக்கொண்டு கோயிலுக்குப் போனதாம். அந்தப் பெருமையை ஓரெஸ்ட் ஒரு சொட்டும் சிந்தாமல் ஏந்தி வந்திருக்கிறார். நவம்பர் பிறந்துவிட்டால் தினமும் மாலையில் கோட்டு மாட்டிக்கொண்டு கீழே இறங்குவார். காரின் மூக்கிலிருந்து தொங்கும் வயரை எடுத்து, நிறுத்துமிடத்தின் பிளக் கம்பத்தில் செருகுவார். பானெட்டை இரண்டு தட்டுத் தட்டுவார். அந்த ஊரில் எல்லாரும்தான் காருக்கு வயர் செருகுகிறார்கள்; உள்ளே இருக்கும் சின்ன ஹீட்டர் ராத்திரி முழுக்க எஞ்சினை உறையாமல் காக்கும். ஆனால் மற்றவர்கள் செருகுவது வேலை. ஓரெஸ்ட் செருகுவது வழிபாடு.

இந்தப் பரம்பரைச் சிறப்பு குடியிருப்போருக்கு மறந்துபோகக் கூடாதே என்று, கீழ்த்தள வரவேற்புக் கூடத்தில் ஒரு பழைய புகைப்படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார். இரும்பு அடுப்புக்குப் பக்கத்தில் மீசையும் நிமிர்ந்த முதுகுமாக மிஹாய்லோ நிற்கிறார். இரண்டு கைகளிலும் பூவேலைத் துணியில் சுற்றிய ஒரு சிறு மூட்டை. முகத்தில் அப்படியொரு பெருமிதம். பக்கத்தில் ஒன்பது வயது மகள் ஸ்தெஃபா. படத்தின் இடது ஓரத்தில், பனி பூத்த கதவோரமாக, ஒரு மரப்பெட்டி. கீழே பித்தளைத் தகடு பளபளக்கும்: "மிஹாய்லோ பாலிச்சுக், தம் ஒரே மகன் ஓரெஸ்டைக் கையில் ஏந்தியபடி. இடது ஓரம்: விறகுப் பெட்டி."

லிஃப்டுக்குக் காத்திருப்பவர்கள் அதைப் படிக்காமல் தப்ப முடியாது. லிஃப்ட் மெதுவாக வரும்படி தலைவர் பார்த்துக்கொண்டார் என்று சொல்பவர்கள் உண்டு. பொறாமைக்காரர்கள்.

இப்படிப்பட்ட குடும்பத்தில்தான் தார்க்கா பிறந்தாள்.

தார்க்கா அவருடைய ஒரே மகள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தனியாக வாழும் முதியவர்களின் வீடு வீடாகப் போய், அவர்களைப் படுக்கையிலிருந்து எழுப்பி, குளிப்பாட்டி, காலுறை மாட்டி, கஞ்சி கொடுத்துவிட்டு வருவது அவள் வேலை. அந்த வீடுகளுக்கு நேராகப் போகும் பஸ் கிடையாது. காரை விற்றுவிட்டு ஒரு பேட்டரி சைக்கிள் வாங்கினாள். பருத்த டயர், பனியில் வழுக்காது. வேலை சுலபமாயிற்று, அவள் சிரிக்கவும் ஆரம்பித்தாள். அதுவரைகூட ஓரெஸ்ட் பொறுத்துக்கொண்டார். குளிர்காலம் வந்ததும் அவள் செய்த காரியத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

தினமும் மாலை சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு, பேட்டரியைக் கழற்றி, ஒரு பழைய குழந்தைப் போர்வையில் சுற்றி, இடுப்பில் இடுக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினாள்.

மூன்றாம் மாடி வெர்னா தீசன் அம்மாள் குழுவின் துணைத் தலைவர், கம்பளி பின்னுவதில் கைதேர்ந்தவர். தூரத்திலிருந்து சில நாள் பார்த்தார். கேட்பது நாகரிகம் இல்லை என்று கேட்கவில்லை. பாலிச்சுக் வீட்டில் ரகசியமாக ஒரு பேரக்குழந்தை என்று நாகரிகமாக எல்லாரிடமும் சொன்னார். மஞ்சள் கம்பளியில் ஒரு குட்டித் தொப்பி பின்னி முடித்து, ஒரு மாலை லிஃப்டுக்குள் தார்க்காவை மடக்கினார்.

"கண்ணு, மூடி மறைக்காதம்மா. எத்தன மாசம் ஆச்சு?"

தார்க்காவின் இமையெல்லாம் பனி. நாள் முழுக்க வேலை பார்த்த களைப்பு. "ஆறு மாசம் ஆச்சு. இன்னும் பதினெட்டு மாசம் வாரண்டி இருக்கு."

"என்னது?"

போர்வையை விலக்கித் தொப்பி போட நீண்ட கைக்குக் கறுப்பு பிளாஸ்டிக் தட்டுப்பட்டது. வெர்னா அம்மாள் தம் மாடிக்கு முன்னாலேயே இறங்கிப் படியேறிப் போனார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் பீட்ரூட் சூப் ஆறிப்போனது.

"பாலிச்சுக் பொண்ணு பேட்டரிய இடுப்புல வெச்சுக் கொஞ்சறாளாம். ஊரே சிரிக்குது," என்றார் ஓரெஸ்ட்.

"ஊரு சிரிக்கட்டும்ப்பா. எனக்குக் காலைல சைக்கிள் ஓடணும்."

"ஓடறதுக்குத்தான் கீழ பிளக் கம்பம் இருக்கே! நம்ம காரு எங்க தூங்குது? கம்பத்துல செருகிட்டு வா. கதகதன்னு கெடக்கும்."

"அப்பா, காருல செருகுறது ஹீட்டரு. இதுல செருகுனா சார்ஜ் ஏறும், சூடு ஏறாது. ஒறைஞ்ச பேட்டரிக்குள்ள சார்ஜ ஏத்துனா உள்ளுக்குள்ள கெட்டுப்போயிடும். வெறைச்சுக் கெடக்கறவன் வாயத் தொறந்து சோத்தத் திணிக்கற மாதிரி. வீட்டுக்குள்ள கொண்டாந்து, கொஞ்ச நேரம் குளிரு விட்டப்புறம்தான் செருகணும்."

"குளிரப் பத்தி எனக்குப் பாடம் எடுக்கறியா? யாரு மக நீ?"

"வெளக்கம் எல்லாம் பெட்டியோட வந்த புஸ்தகத்துலயே இருக்குப்பா."

"எங்கப்பா புஸ்தகம் படிச்சா வண்டி ஓட்டுனாரு?"

இந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் அது ஓரெஸ்டுக்குப் பிடித்தமான கேள்வி.

அடுத்த வாரமே குழு கூடியது. கூட்ட அறையில் வெப்பம் அவ்வளவு ஏற்றி வைக்கப்பட்டிருந்ததால், வெர்னா அம்மாள் நிகழ்ச்சி நிரல் தாளால் விசிறிக்கொண்டிருந்தார். குழுவில் மூவர். மூன்றாமவர், "குளிர்கால விவகாரப் பொறுப்பாளர்" திரு. கார்டன் கிளாசன், சுவரில் இருந்த திரையில் தோன்றினார். அவர் அக்டோபரில் அரிசோனாவுக்குப் போய் ஏப்ரலில் திரும்புவார். குளிரைத் தள்ளி நின்று பார்த்தால்தான் நடுநிலை வரும் என்பது அவர் கொள்கை. கையில்லாத பனியன், கையில் ஆரஞ்சுச் சாறு, முதுகுக்குப் பின்னால் ஒரு பனைமரம்.

தலைவர் எழுந்து "வாகன கௌரவத் தீர்மானம்" என்னும் ஆவணத்தை வாசித்தார். "பேட்டரியும் வாகனத்தின் அங்கமே. ஆகவே அது வாகனத்துக்குரிய மரியாதையோடு, வாகனங்கள் நிற்கும் இடத்தில், பிளக் கம்பத்தில் இணைக்கப்பட்டு இரவு தங்க வேண்டும். அதைக் கைக்குழந்தையைப் போல் ஏந்தி லிஃப்டில் செல்வது இக்குடியிருப்பின் கண்ணியத்துக்கு ஒவ்வாது."

"வீட்டுக்குள்ள வெடிச்சுதுன்னா?" என்றார் வெர்னா அம்மாள். அது ஒன்றுதான் அன்றைக்கு அங்கே கேட்கப்பட்ட அர்த்தமுள்ள கேள்வி. அதனாலேயே பதிலுக்கு யாரும் காத்திருக்கவில்லை.

"கம்பெனி கொடுத்த சார்ஜர்தான் போடறேன்," என்றாள் விளக்கம் சொல்ல அழைக்கப்பட்டிருந்த தார்க்கா. "நான் முழிச்சுட்டு இருக்கும்போது மட்டும்தான். கட்டில் பக்கமோ கதவுப் பக்கமோ வைக்கறதில்ல. வெளில மைனஸ் முப்பதுல ராத்திரி பூரா சார்ஜ் போடறதுதான்..."

"நானும் என் பேட்டரி சைக்கிளுக்கு வெளிலதான் சார்ஜ் போடறேன்," என்றார் திரையிலிருந்து கிளாசன். "எனக்கு ஒண்ணுமே ஆகலியே!"

"அங்க இப்ப எத்தன டிகிரி, சார்?"

"இருபத்தஞ்சு. சாயங்காலம் கொஞ்சம் குளுரும். மேல ஒரு சட்டை போட்டுக்குவேன்."

"பாத்தியா? குளிர்லதான் போடறாரு," என்றார் தலைவர்.

மூன்று கைகள் உயர்ந்தன. கிளாசன் கையில் சாறு இருந்ததால் மற்றக் கையை உயர்த்தினார்.

மைனஸ் முப்பது வந்த முதல் நாள் மாலை, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் போர்வைக்குள் கிடந்த பேட்டரியை ஓரெஸ்ட் தம் கையாலேயே எடுத்தார். பிறர் பார்க்கும்படி அதை ஏந்தவில்லை. கைப்பிடியைப் பிடித்து, சூட்கேஸ் போல் தொங்கவிட்டுக்கொண்டு போனார். சைக்கிளில் மாட்டினார். கம்பத்தில் செருகினார். மேலே இரண்டு தட்டுத் தட்டினார். தார்க்கா குளித்து, களைப்பில் கண்ணயர்ந்து எழுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உறைந்த பேட்டரிக்குள் மணிக்கணக்கில் சார்ஜ் ஏறியிருந்தது.

"இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுப்பா," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "நாளைக்கு நான் லேட்டானா என் வீடுங்கள வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. பனிப்புயல்னு ஏற்கெனவே ரெண்டு தடவ மன்னிச்சிருக்காங்க."

"காலைல பாரு. அப்புறம் பேசு."

காலையில் பார்த்தார்கள். பேட்டரியின் மேல் ஐந்து பச்சை விளக்குகளும் எரிந்தன. ஜன்னலிலிருந்து ஓரெஸ்ட் கீழே நோக்கிக் கையசைத்தார், ஒரு நாட்டுக்கே விடுதலை வாங்கிக்கொடுத்தவரைப் போல.

ஆற்றுப் பாலத்தின் நடுவில், காற்று முகத்தில் அறையும் இடத்தில், ஐந்து விளக்குகளும் ஒன்றாக அணைந்துபோயின. அந்தப் பருத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு தார்க்கா போய்ச் சேர்ந்தபோது, படுக்கையிலிருந்து தானே எழ முடியாத பேர்ட் அம்மாள் ஈரப் படுக்கையில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அலுவலகத்திலிருந்து சொல்லிவிட்டார்கள்: இன்னொரு முறை, அவ்வளவுதான்.

சைக்கிள் கடைக்காரர் பேட்டரியைச் சோதித்து உதட்டைப் பிதுக்கினார். பழகிய பெண் என்பதால் வேறொன்றை இரவல் கொடுத்தார். "இதையும் வெளிய கட்டிப் போட்டீங்கன்னா அடுத்தது கேக்காதீங்க."

ஆக, இரவல் பேட்டரி எங்கே தூங்குவது என்று முடிவு செய்யக் குழுவின் சிறப்புக் கூட்டம். தார்க்கா கேட்டது ஒன்றே ஒன்று: தீர்மானத்தை ரத்து செய்ய வேண்டும்.

"ரத்தா?" என்றார் தலைவர். "தீர்மானம் வெற்றி! அஞ்சு வெளக்கும் எரிஞ்சுது, நானே பாத்தேன்."

"பாலத்துல அணைஞ்சுதே."

"பாலம் நம்ம நிர்வாகத்துல வராது," என்றார் கிளாசன். வெர்னா அம்மாள் அதைக் குறிப்பில் ஏற்றினார்.

"ஓரெஸ்ட் சார், உங்க பொண்ணு பொழப்புல மண்ணு விழுதே?" என்று தார்க்காவே கேட்டாள். கூட்டத்தில் அப்பா என்று கூப்பிடக் கூடாது என்பது விதி.

"எங்கப்பா பொழைக்கலியா? பாலிச்சுக் வீட்டு ஆம்பளைங்க பேட்டரியக் கொஞ்சிக்கிட்டா இருந்தாங்க? போய்க் கீழ படத்தைப் பாரு! அந்த மனுஷன் கையில என்ன ஏந்தறதுன்னு தெரிஞ்சு ஏந்துனாரு!"

அப்போது கதவு திறந்தது. தலைவரின் அக்கா ஸ்தெஃபா, இரண்டாம் மாடிக்காரி, கைத்தடியோடு உள்ளே வந்தாள். எண்பதைத் தாண்டியவள். அவளுக்குப் பின்னால் வாயில் காவலாளி, அந்தப் பெரிய படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்தான்.

"அக்கா, இது கூட்டம். முன்னனுமதி இல்லாம யாரும்..."

"டேய், உக்காரு. உனக்கு மூக்கொழுகினப்ப தொடச்சு விட்டவ நான். அனுமதி கேக்கணுமாம்." படத்தை மேஜைமேல் வைக்கச் சொன்னாள். "தீசனம்மா, நீங்க தொப்பி பின்றவங்க. கொழந்தைக்கு எங்கியாச்சும் நாலு மூலை இருக்குமா?"

வெர்னா அம்மாள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். மூட்டை சதுரமாகத்தான் இருந்தது. துணிக்கு அடியில் ஒரு தோல்வார் தொங்கியது.

"ஒருவேளை... கொழந்தையக் கட்டித் தூக்கற வாரா இருக்குமோ?"

"ஏற்கெனவே ஒரு தடவ ஏமாந்தவங்க நீங்க. நல்லாப் பாருங்க."

வெர்னா அம்மாள் நிமிர்ந்தார்.

"டிரக்கு பேட்டரி," என்றாள் ஸ்தெஃபா. "பண்ணையில அப்ப கரண்டும் கெடையாது, கம்பமும் கெடையாது. அப்பா தெனம் சாயங்காலம் பேட்டரியக் கழட்டி உள்ள தூக்கிட்டு வருவாரு. அம்மாவோட நல்ல துணியில சுத்தி அடுப்புக்குப் பின்னால வெப்பாரு. அதனாலதான் நம்ம வண்டி ஒருநாளும் நிக்கல. மத்தவன் வண்டியெல்லாம் நின்னுது, ஏன்னா வெளிய விட்டான். இதாண்டா உன் பரம்பரைப் பெருமை. நம்ம தார்க்கா பண்றாளே, அதேதான்."

அரிசோனாவில் ஒரு பறவை கத்தியது.

"அப்போ," என்றார் தலைவர். கோட்டின் பொத்தானைக் கழற்றினார். "அப்போ நான் எங்க?"

ஸ்தெஃபா கைத்தடியால் படத்தின் இடது ஓரத்தைத் தொட்டாள். பனி பூத்த கதவு. "விறகுப் பெட்டி". அதன் விளிம்புக்கு மேலே, பூதக்கண்ணாடி தேவையில்லாமலே தெரிந்தது, ஒரு சின்ன முஷ்டி.

"அடுப்புப் பக்கம் ஒரே ஒரு எடம்தான்டா இருந்துது."

"படம் மாட்டுனப்பவே சொல்லியிருக்கலாமே, அக்கா!"

"சொல்லத்தான் வந்தேன். அன்னிக்கு நீ படத்தைப் பாத்து அழுதுட்டு நின்னே. பாவம், போகட்டும்னு விட்டேன். இப்ப பொண்ணு பொழப்பு போவுது. அதான்."

தார்க்கா அப்பாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "அப்பா," என்றாள், விதியை மறந்து. "தாத்தா பண்ணதுதானேப்பா. ரத்துன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. படத்துக்குக் கீழ நம்ம ரெண்டு பேரும் சேந்து புதுத் தகடு அடிப்போம்."

அவர் படத்தைப் பார்த்தார். அப்பாவின் கைகளைப் பார்த்தார். எழுபது வருஷத்துக்கு மேலாக அந்தக் கைகளுக்குள் சுகமாகக் கிடந்தவர் அவர். இப்போது ஒரே ஒரு சொல் சொன்னால் மகளின் பிழைப்பு நிற்கும். ஆனால் அவர் பெட்டிக்குப் போக வேண்டும், கதவோரம்.

இங்கேதான் மாமனிதர்கள் நம்மிடமிருந்து வேறுபடுகிறார்கள். அவர் எழுந்து நின்றார். முதுகு நேரானது. கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"தலைவர் ஒரு திருத்தம் முன்மொழிகிறார்," என்றார். "மேற்படிப் படத்தில் ஏந்தப்பட்டிருப்பது அடியேனே என்று இக்குழு உறுதி செய்கிறது. பெட்டியில் இருப்பது விறகு. ஆகவே தீர்மானத்தில் மாற்றம் தேவையில்லை."

"கை தெரியுதே?" என்றார் வெர்னா அம்மாள்.

"அது விறகுக் கணு."

"வெயில் அடிக்குது, எனக்குப் படமே தெரியல," என்றார் கிளாசன். "ஆனா ஆதரிக்கிறேன்."

வெர்னா அம்மாள் சற்று நேரம் தம் விரல்களைப் பார்த்தார். லிஃப்டில் பட்ட அவமானம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். மூன்றாவது கையும் உயர்ந்தது.

மறுநாள் மதியம் தார்க்கா வீட்டைக் காலி செய்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பேர்ட் அம்மாள் மாடி அறையைத் தருவதாகச் சொல்லியிருந்தார். அதோடு, கீழே ஹீட்டருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியையும் ஒதுக்கி வைத்திருந்தார், பேட்டரிக்கு. பெட்டி படுக்கையெல்லாம் வண்டியில் ஏறியபின், தார்க்கா கடைசியாக லிஃப்டில் இறங்கி வந்தாள். இடுப்பில் போர்வை மூட்டை. மூன்றாம் மாடியில் லிஃப்ட் நின்றது. வெர்னா அம்மாள் உள்ளே வந்தார். மஞ்சள் தொப்பியை எடுத்து மூட்டையின் தலைமாட்டில் மாட்டி, காதை இழுத்துச் சரி செய்தார்.

"காத்து படாமப் பாத்துக்கம்மா," என்று மட்டும் சொன்னார்.

கூடத்தில் படம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. பித்தளைத் தகட்டுக்குப் புதிதாகப் பாலீஷ் போட்டிருந்தது. அதன் கீழே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்றார் ஓரெஸ்ட் பாலிச்சுக். மகள் கடந்து போனபோது தலை அசையவில்லை. கண்ணாடிக் கதவு திறந்து மூடியது. ஒரு வீச்சுக் குளிர் உள்ளே வந்து, அவர் காலைச் சுற்றிவிட்டு அடங்கியது.

கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் ஸ்தெஃபா உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா," என்றார் கதவைப் பார்த்தபடியே. "எப்படியோ குடும்ப மானத்தக் காப்பாத்திட்டேன்."

ஸ்தெஃபா தம்பியை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். இஸ்திரி போட்ட கோட்டு, நேரான முதுகு, சட்டைப்பையில் குழுத் தலைவர் என்ற வில்லை, பளபளக்கும் ஷூ.

"அப்பா வாழ்க்கையில ஒரே ஒரு தப்புதான் பண்ணாரு," என்றாள் கைத்தடியை ஊன்றி எழுந்துகொண்டே. "பேட்டரிய உள்ள வெச்சுட்டு உன்னக் கதவோரம் விட்டாரு. பாரேன், உனக்கும் வெளிய அஞ்சு வெளக்கும் எரியுது. உள்ள எப்பவோ செத்துப்போச்சு."